சேஷத்தில் முதன்மை உண்டோ? தீர்த்தப் பிரசாத மரியாதைகள் குறித்து அருளிச்செயலும் வியாக்கியானங்களும் காட்டும் நெறி

திவ்யதேசங்களில் சாற்றுமறை தலைக்கட்டியபின் கோஷ்டியாருக்குத் தீர்த்தமும் ஸ்ரீசடகோபமும் திருத்துழாயும் பிரசாதமும் ஸாதிக்கப்படுகின்றன. ஒருவர் பெறும் அளவு மிகச் சிறியது. தீர்த்தம் உள்ளங்கைக் குழிவையும் நிரப்பாது. பிரசாதம் ஒரு தொன்னைக்குள் அடங்கிவிடும். ஆயினும் இவை யாருக்கு முன்னே, யாருக்குப் பின்னே என்னும் வரிசையைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாக உரிமைகள் வளர்ந்துள்ளன. அவ்வுரிமைகளைச் சுற்றி மனத்தாங்கல்களும் வழக்குகளும் வளர்ந்துள்ளன. உலகியலார் நோக்கில் அற்பமாகத் தோன்றும் இப்பூசல்கள் ஸம்பிரதாயத்தின் உள்ளீட்டைத் தொடுவன. உண்பதிலும் பருகுவதிலும் அமைந்த சிறு சிறப்புகளை அருளிச்செயல் எவ்வாறு நோக்குகிறது, பூர்வாசார்யர்கள் அவற்றை எவ்வாறு கையாண்டனர் என்பதை ஆராய்ந்தாலன்றி இன்றைய வழக்கங்களின் தகுதியை அளவிட இயலாது.

இங்கு எழும் வினா வரிசை வேண்டுமா, வேண்டாவா என்பதன்று. பலர் கூடும் இடத்தில் வரிசை இன்றியமையாதது. 'மர்யாதா' என்னும் வடசொல்லுக்கே எல்லை, வரம்பு என்பதே முதற்பொருள். வரம்பாக நின்று காக்க வேண்டிய ஒன்று உடைமையாக மாறும்போது என்ன நேர்கிறது என்பதே ஆராயத்தக்கது.

ஒரு சொல், இரு பொருள்

பிரசாதத்தைச் 'சேஷம்' என வழங்குவது நம்மவர் மரபு. இச்சொல்லுக்கு உலக வழக்கில் மிஞ்சியது என்று பொருள். மீமாம்ஸகர் பிறிதொன்றின் பொருட்டு இருப்பதனைச் சேஷம் என்றனர். யாகத்தின் அங்கங்களைக் குறிக்க அவர்கள் ஆண்ட இச்சொல்லை எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் ஆத்மாவுக்கும் பரமாத்மாவுக்கும் உள்ள உறவைச் சொல்லக் கைக்கொண்டார். பிறனுக்கு ஏற்றத்தை விளைப்பதனையே தன் ஸ்வரூபமாக உடையது சேஷம். அவ்வேற்றத்தைப் பெறுபவன் சேஷி என்பது அவர் காட்டிய இலக்கணத்தின் கருத்து.

மிஞ்சிய அமுது என்னும் பொருளும் பிறனுக்கேயாயிருத்தல் என்னும் பொருளும் தற்செயலாக ஒரு சொல்லில் வந்து அமைந்தன என்று கொண்டாலும், ஸம்பிரதாயத்தின் நடைமுறை அவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டது. சேஷத்தை உண்பவன் தான் சேஷன் என்பதை உண்ணும் செயலாலேயே அறிவிக்கிறான். ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தில் சேனை முதலியாரைப் போற்றும் இடம் இதற்குத் தக்க சான்று. உபயவிபூதியின் நிர்வாகம் முழுவதும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எம்பெருமான் தன் கடைக்கண் நோக்கத்தாலேயே அவர் விண்ணப்பங்களுக்கு இசைகிறான். அத்தகைய அதிகாரியை அறிமுகப்படுத்தும்போது ஆளவந்தார் முதலில் இட்ட அடைமொழி எம்பெருமான் அமுது செய்து கழித்ததை உண்பவர் என்பதாகும். அதிகாரப் பெருமை அதன் பின்னரே வருகிறது. அனைத்துக்கும் மேலான பதவியில் இருப்பவருக்கு மிச்சத்தை உண்ணுதலே முதற்பெயராக அமைந்தது என்பதை நினைவில் இருத்திக்கொண்டு, முதல் தீர்த்தம், முதல் பிரசாதம் என்னும் தொடர்களை நோக்க வேண்டும். மிச்சம் என்பதன் இயல்பே பின்னே வருவது. பின்னே வருவதில் முந்திக்கொள்ளுதல் எப்படிப்பட்ட முந்துதல்?

திருப்பல்லாண்டில் இருவகை உணவு

இவ்வினாவுக்கு விடை தேடத் திருப்பல்லாண்டின் எட்டாம் ஒன்பதாம் பாசுரங்களை அடுத்தடுத்து வைத்து நோக்குதல் வேண்டும். வியாக்கியானச் சக்கரவர்த்தியாகிய பெரியவாச்சான் பிள்ளை இப்பிரபந்தத்தின் நடுப்பகுதியை மூவகை அதிகாரிகளை முன்னிட்டுப் பிரித்தருளினார். பகவத் பிராப்தியை விரும்புபவர், கைவல்யத்தை விரும்பியவர், ஐச்வர்யத்தை விரும்பியவர் ஆகிய மூவரையும் மூன்று முதல் ஐந்து வரையுள்ள பாசுரங்களில் ஆழ்வார் அழைக்கிறார். ஆறு முதல் எட்டு வரை அவர்கள் தம் நிலையைச் சொல்லிக்கொண்டு வந்து புகுகின்றனர். ஒன்பது முதல் பதினொன்று வரை அவர்களே மீண்டும் அம்முறையிலேயே மங்களாசாஸனம் செய்கின்றனர். ஆகவே எட்டாம் பாசுரம் ஐச்வர்யார்த்தியின் வாக்கு. ஒன்பதாம் பாசுரம் பகவத் பிராப்தி காமரின் வாக்கு.

எட்டாம் பாசுரத்தில் ஐச்வர்யார்த்தி தான் பெற்றவற்றைப் பட்டியலிடுகிறான்: நெய் கலந்த நல்ல சோறு, அரசவையில் இடைவிடாது நிற்கும் சேவகம், கையில் வெற்றிலை பாக்கு, கழுத்துக்கு அணி, காதுக்குக் குண்டலம், உடலில் பூசச் சந்தனம். இன்று கோயில்களில் மரியாதை எனப்படுபவை பெரும்பாலும் இப்பட்டியலிலேயே அடங்குகின்றன. ஒன்பதாம் பாசுரத்தின் அதிகாரிகளோ வேறொரு பட்டியலைத் தருகின்றனர். எம்பெருமான் உடுத்துக் கழித்த ஆடையை உடுப்பதும், அவன் கலத்தில் மிஞ்சியதை உண்பதும், அவன் சூடிக் களைந்த துழாயைச் சூடுவதும், அவன் ஏவிய திசையில் சென்று காரியத்தைச் செவ்வனே முடிப்பதும் ஆகியவை அதில் உள்ளன. உணவு, உடை, அணி என்னும் மூன்றும் இரு பாசுரங்களுக்கும் ஒருவகையில் பொதுவானவையே. முன்னதில் அவை கொடை. பின்னதில் அவை சேஷம். முன்னதில் புதியன அளிக்கப்படுகின்றன. பின்னதில் பயன்படுத்தப்பட்டவை விரும்பி எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இன்னொரு நுட்பம் இலக்கணத்தில் உள்ளது. ஆறு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய பாசுரங்கள் தன்மைப் பன்மையில் முடிய, ஐச்வர்யார்த்திக்குரிய எட்டும் பதினொன்றும் தன்மை ஒருமையில் முடிகின்றன. தனக்கு இன்னது தரப்பட்டது என்று எண்ணும் வாய் ஒருமையில் பேசுகிறது. மிஞ்சியதை உண்போம் என்னும் வாய் பன்மையில் பேசுகிறது. சிறப்பு ஒருவனைப் பிரித்துக் காட்டுவது. சேஷம் பலரைச் சேர்ப்பது.

ஆயினும் ஆழ்வார் எட்டாம் பாசுரத்து அதிகாரியை இகழவில்லை என்பதும் கருதத்தக்கது. நெய்ச்சோற்றையும் வெற்றிலையையும் விரும்பி வந்தவனுக்கு அவற்றையே தந்து, தந்த முகத்தாலேயே அவனைத் தூய உயிராக்கிவிடுகிறான் எம்பெருமான். பெற்றவற்றை எண்ணத் தொடங்கியவன் பெறுவித்தவனுக்குப் பல்லாண்டு பாடுவதில் முடிக்கிறான். அதே அதிகாரி பதினொன்றாம் பாசுரத்தில் திருக்கோட்டியூர்ச் செல்வநம்பியைச் சுட்டி, அவரைப் போலத் தானும் பழைய அடியவன் என்கிறான். அங்கேயும் ஒருமைதான், ஆனால் அவ்வொருமையோடு ஓர் உம்மை சேர்ந்துவிட்டது. 'எனக்கு' என்று தொடங்கியவன் 'நானும்' என்று பிறரோடு சேர்ந்து நிற்கும் நிலைக்கு வந்துவிட்டான். ஆகவே மரியாதை பெறுதல் தன்னளவில் குற்றமன்று. அது உம்மை பெறாத ஒருமையாகவே நின்றுவிடுமாயின், எட்டாம் பாசுரம் எதற்காகப் பாடப்பட்டதோ அப்பயன் விளையாமற் போகிறது.

காஞ்சியில் ஓர் இலையும் ஒரு குடமும்

அருளிச்செயலில் கண்ட இந்நெறி வாழ்க்கையில் இறங்கும்போது எத்தகைய இடர்களைச் சந்தித்தது என்பதற்கு ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம் சான்று தருகிறது. உடையவர் துறவறம் மேற்கொள்வதற்கு முன் காஞ்சியில் இல்லறத்தில் இருந்தபோது நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் அவர் இல்லறத்தை விடக் காரணமாயின என்பது பிரசித்தம். அம்மூன்றும் உணவையோ நீரையோ பற்றியவை என்பது தனித்து எண்ணத்தக்கது.

பேரருளாளனுக்குத் திருவாலவட்ட கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பி வைசிய குலத்தவர். அவர் அமுது செய்த சேஷத்தைத் தாம் பெற வேண்டும் என்னும் விருப்பத்தால் இளையாழ்வார் அவரைத் தம் திருமாளிகைக்கு அழைத்தார். அழைத்துவர ஒரு வழியே இவர் செல்ல, நம்பி வேறு வழியே வந்து அமுது செய்து கைங்கர்யத்துக்கு மீண்டுவிட்டார். இல்லத்து அம்மையார் இலையை எறிந்து, இடத்தைத் தூய்மை செய்து, நீராடி, புதிதாகத் தளிகை செய்யத் தொடங்கினார். திரும்பி வந்த இளையாழ்வார் தாம் நாடிய பேறு கைநழுவியதைக் கண்டு வருந்தினார். பிறிதொரு நாள் எண்ணெய் தேய்க்க வந்த பணியாளன் பசியோடிருக்க, பழைய சோறு உண்டோ என்று கேட்டபோது இல்லை என்று விடை வந்தது. பார்க்கையில் சோறு இருந்தது. மூன்றாவது, கிணற்றடியில் ஆசார்யராகிய பெரிய நம்பியின் தேவியார் குடத்திலிருந்து சிதறிய நீர்த்துளி தம் குடத்தில் விழுந்தது குறித்து எழுந்த பூசல். அதன் விளைவாகப் பெரிய நம்பி சொல்லாமலே திருவரங்கத்துக்கு எழுந்தருளிவிட்டார்.

இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் அவ்வம்மையாரைக் கொடியவராகக் காட்டி அமைந்துவிடுவதுண்டு. அது வரலாற்றின் கூர்மையை மழுக்கிவிடும். முதல் நிகழ்ச்சியில் விருந்தோம்பலில் குறை ஏதும் இல்லை. வந்தவர் வயிறார உண்டே சென்றார். அம்மையார் செய்தது அக்காலத்து ஆசாரம் தமக்குக் கற்பித்ததை வழுவாமல் செய்தது மட்டுமே. அந்த ஆசாரத்தின் பார்வையில் அவ்விலை எச்சில். இளையாழ்வாரின் பார்வையில் அது பிரசாதம். ஒரே இலையின்மீது இரு பார்வைகள் மோதின. கொடுப்பதில் தாராளம் இருந்தும் கொள்வதில் தயக்கம் இருந்தது. உணவைக் கீழே இறக்கித் தருவது எளிது. அதனைத் தனக்குக் கீழ்ப்பட்டவர் என உலகம் எண்ணுபவரிடமிருந்து ஏற்பதுதான் அரிது. சேஷத்வம் சோதிக்கப்படும் இடம் ஈகையன்று, ஏற்பு.

இம்மூன்று நிகழ்ச்சிகளுக்கும் எதிர்முகமாகத் திருவரங்கத்தில் கூரத்தாழ்வான் திருமாளிகையில் நிகழ்ந்ததை வைத்துக் காணலாம். பெருஞ்செல்வத்தைத் துறந்து உஞ்சவிருத்தியால் வாழ்ந்த ஆழ்வான் ஒரு மழைநாளில் வெளியே செல்ல இயலாமல் பட்டினியாக இருந்தார். இரவில் பெரிய பெருமாள் அரவணை அமுது செய்தருளும் ஒலி கேட்டது. அடியவர் பட்டினி கிடக்க நீர் அமுது செய்கிறீரோ என்று தேவியாராகிய ஆண்டாள் திருவுள்ளத்தில் நினைத்தார். சற்றுப் பொழுதில் பெருமாள் நியமனத்தால் உத்தமநம்பி அரவணைப் பிரசாதத்தைக் கோயில் மரியாதைகளோடு கொண்டுவந்து சேர்த்தார். ஆழ்வான் அதனைத் தமக்குக் கிடைத்த சிறப்பாகக் கொள்ளவில்லை. இதனை யார் வேண்டினார் என்று வினவி, தேவியாரின் நினைவை அறிந்து வருந்தி, இரண்டு திரளை மட்டுமே ஏற்றார். அதன் பயனாகவே பராசர பட்டரும் வேதவியாச பட்டரும் திருவவதரித்தனர் என்பது பெரியோர் துணிபு. கேளாமல் வந்த மரியாதையையும் அளவோடு ஏற்ற இல்லம் அது.

கொடுத்தலும் கொள்ளுதலும்

தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையின் நாற்பத்தொன்றாம் பாசுரத்தில், எம்பெருமானை விளித்துப் போற்றும் அடியார்கள் குறையுள்ள செயல்களைச் செய்பவராயினும், தாம் உண்ட சேஷத்தைத் தருவாராகில் அது தூய்மையே என்று அறுதியிடுகிறார். அடுத்த பாசுரத்தில் நான்மறை வல்லவரை நோக்கி, தாழ்ந்த குலத்தில் பிறந்தவராயினும் தன் அடியார்களை வணங்கவும், அவர்களுக்குக் கொடுக்கவும், அவர்களிடமிருந்து கொள்ளவும் எம்பெருமானே விதித்ததாகக் கூறுகிறார். இக்கொடுத்தல் கொள்ளுதலை ஞானத்தின் பரிமாற்றமாகக் கொள்ளும் நிர்வாகம் வியாக்கியான மரபில் உண்டு. அந்நிர்வாகம் பொருந்துவதே. ஆனால் முந்தைய பாசுரம் வெளிப்படையாக உணவின் சேஷத்தைப் பேசிவிட்டது. அடுத்தடுத்து நிற்கும் இரு பாசுரங்களில் ஒன்றன் ஒளி மற்றதன்மீது விழாமல் இராது. ஞானத்தைக் கொள்ளலாம், சோற்றைக் கொள்ளலாகாது என்று பிரித்துரைப்பதற்குப் பாசுரங்களின் அடைவு இடம் தரவில்லை.

திருமங்கையாழ்வார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். பெரிய திருமொழி ஐந்தாம் பத்து எட்டாம் திருமொழி திருவரங்கத்துப் பெருமானிடம் செய்யும் சரணாகதி. அதன் இரண்டாம் பாசுரத்தில் அனுமனைக் குரங்கு என்றும் வேற்றுச் சாதி என்றும் விலக்காமல், உன்னோடு உடனே உண்பேன் என்று பெருமாள் அருளியதை நினைந்து, அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு தாமும் அடிபணிகிறார். வான்மீகத்தில் யுத்த காண்டத் தொடக்கத்தில் இராமபிரான் அனுமனுக்குத் தன் உடைமை எல்லாமாக அளிப்பது ஒரு தழுவல். ஆழ்வார் நாடியெடுப்பது உடன் உண்ணல். தழுவல் ஒருவர் அன்பை மற்றவர்க்கு உணர்த்தும்; உடன் உண்ணல் இருவருக்கும் இடையே நின்ற வேலியை ஊரறிய எடுத்துவிடும். சேஷியே சேஷனோடு ஒரே பந்தியில் இருக்க விழைகிறான் என்றால், சேஷர்கள் தமக்குள் பந்தி பிரிப்பதற்கு ஆதாரம் எங்கிருந்து வரும்?

இவ்விடத்தில் ஸம்பிரதாயத்துக்குள்ளேயே நிலவும் கருத்து வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில் பாகவதரிடம் பிறப்பை ஆராய்வதனையும் பாகவதாபசாரத்தின் வகைகளுள் ஒன்றாக எண்ணினார். வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்தின் பிரபாவ வியவஸ்தாதிகாரத்தில் பாகவதரின் பெருமையை முழுமையாக ஏற்றுக்கொண்டே, அப்பெருமை வர்ணாசிரம ஒழுங்கை அழித்துவிடாது என்று வரையறுத்தார். பிற்காலத்தவர் இவ்விரு கருத்துகளையும் கலைப் பூசலுக்குப் படையாக்கினர். இரண்டிலும் பொதுவாக நிற்கும் ஒன்றை அப்பூசல் மறைத்துவிட்டது. வரம்பை வற்புறுத்திய தேசிகரும் அதனை ஒருவனது மேன்மைக்கு அறிகுறியாகச் சொல்லவில்லை. சாஸ்திரத்துக்குக் கட்டுப்படும் சேஷனுடைய கடமையாகவே சொன்னார். வரம்பைக் கடமையாகச் சுமப்பவன் வேறு. அதனைத் தன் சிறப்பாகக் காட்டிக்கொள்பவன் வேறு. பின்னவனுக்கு இரு கலைகளின் பூர்வாசார்யர்களிடமும் ஆதரவு இல்லை.

விழுக்காடும் வழக்கும்

பிரசாதத்தில் பங்கு என்பது வெறும் மனப்பாங்கன்று; அது எழுத்தில் பதிந்த உரிமையுமாகும். திருப்பதி தேவஸ்தானம் 1930களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் 'விட்டவன் விழுக்காடு' என்னும் தொடர் பலவிடங்களில் காணப்படுகிறது. திருவேங்கடமுடையானுக்குத் தளிகை நடைபெறப் பொருளோ நிலமோ வைத்தவர், அமுது செய்தருளிய பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கைத் தமக்குரியதாகப் பெற்றார். அதனைத் தாமே கொள்ளலாம். பிறருக்கு எழுதியும் வைக்கலாம். இது எட்டாம் பாசுரத்தின் உலகம். இடுபவன் பெறுகிறான், பெற்றது அவன் பெயரால் கல்லில் நிற்கிறது.

ஆனால் அதே கல்வெட்டுகள் வேறொரு போக்கையும் காட்டுகின்றன. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாளுவ நரசிம்மன் காலத்தில் திருமலையிலும் திருப்பதியிலும் இராமாநுசகூடங்கள் அமைந்தன. கந்தாடை இராமாநுச ஐயங்கார் அவற்றின் பொறுப்பை ஏற்று நடத்தினார். விட்டவன் விழுக்காடாக வந்த பிரசாதம் அக்கூடங்களுக்கு அளிக்கப்பட்டு, வந்துசேரும் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு இடப்பட்டது. ஒருவனுக்குத் தனியுரிமையாக வந்த கால்பங்கு பெயரறியாத வழிநடையாளர்களின் பசியைத் தணித்தது. உரிமை ஒழிக்கப்படவில்லை, கணக்கும் மாறவில்லை. உரிமை சென்று சேரும் இடம் மட்டும் மாறியது. எட்டாம் பாசுரத்துப் பொருளைக் கொண்டு ஒன்பதாம் பாசுரத்து வாழ்வை நடத்தலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. திருமங்கையாழ்வார் ஓராண்டு முழுதும் நாள்தோறும் ஆயிரத்தெட்டு ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுதிட்ட ததீயாராதனத்தின் வழிவந்த நினைவே இக்கூடங்களை நடத்தியது எனலாம்.

பிற்காலத்தில் இதே உரிமைகள் நீதிமன்றங்களுக்குச் சென்றபோது அவை வேறொரு மொழியில் பேசப்படலாயின. காஞ்சி முதலிய தலங்களில் தீர்த்தம், கோஷ்டி முதலியவற்றை முன்னிட்டு எழுந்த வழக்குகள் தலைமுறை கடந்தும் நீடித்தன. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் அதன் விளக்கமும், சொத்துரிமையோ பதவியுரிமையோ வழக்கில் இருந்தால், அது சமயச் சடங்கைப் பற்றிய வினாவையே முற்றிலும் சார்ந்திருப்பினும் உரிமையியல் வழக்காகும் என்கின்றன. இதன்வழி, வெறும் மரியாதையைக் கோரி வழக்கிட இயலாது. ஒரு பதவியோடு ஒட்டிய வருவாயாக அதனை நிறுவினால் வழக்கிடலாம் என்னும் வேறுபாடு நீதிமன்றங்களில் நிலைபெற்றது. நீதிபதிகளின் பார்வையில் இது நியாயமான வரையறையே. ஆனால் ஸம்பிரதாயத்தின் பார்வையில் அதன் விளைவு வருந்தத்தக்கது. தம் தீர்த்தத்தைக் காக்க விரும்பியவர் அதனைப் பதவியின் ஊதியம் என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டிவந்தது. வழக்கில் வென்றவர்க்கு முதல் தீர்த்தம் கிடைத்தது. அது சேஷம் என்னும் நினைவு வாதுரையிலேயே கழிந்துபோயிற்று.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஆசார்ய புருஷர்க்கு முன்னே ஸாதிக்கப்படும் தீர்த்தம் அத்தனிமனிதருக்குரியதன்று. அவர் வீற்றிருக்கும் பீடத்துக்கும், அப்பீடத்தை அலங்கரித்த பூர்வாசார்யருக்கும் உரியது. அதனைக் குறைத்தால் ஆசார்யரைக் குறைத்ததாகும். திருமுன்பே அருளப்பாடு இடப்படுவதும் இக்கருத்தாலேயே. எம்பெருமான் தன் வாக்காலேயே அழைப்பதாக அமைந்த அம்முறையைத் தற்பெருமை என்று தள்ளலாகுமோ?

இம்மறுப்பு முழுவதும் ஏற்கத்தக்கதே. ஏற்றுக்கொண்டால் அதன் முடிவையும் ஏற்க வேண்டும். மரியாதை பூர்வாசார்யருக்கு உரியதாயின் அதனைக் கையேந்திப் பெறுபவர் அதற்கு வாயிலேயன்றி உடையவர் அல்லர். வாயில் அடைபட்டதாகக் குறைப்பட வேண்டியவர் அவ்வாயில் வழியே பேறு பெற இருந்த பின்னடியாரேயன்றி வாயிலன்று. அருளப்பாடும் கைங்கர்யத்துக்கு விடுக்கும் அழைப்பே. அமர்ந்து பெறுவதற்கான சீட்டன்று. ஸ்ரீசடகோபம் என்னும் பெயரும் இதனையே உணர்த்தும். எம்பெருமானின் திருவடிநிலைக்கு நம்மாழ்வாரின் பெயர். ஆழ்வார் திருநகரியில் ஆழ்வாரின் திருவடிநிலைக்கு இராமாநுசர் பெயர். உடையவரின் திருவடிநிலைக்கு முதலியாண்டான் பெயர். ஒவ்வொருவரும் மற்றொருவரின் திருவடிக்கீழ் இடம் பெற்றதே இங்கு பெருமையாகக் கொண்டாடப்படுகிறது. தலையில் கவிக்கப்படும் மரியாதையின் பெயரே காலின் பெயராயிருக்க, அதனைக் கொண்டு தலைநிமிர்தல் சொல்லோடும் பொருளோடும் முரணும்.

ஆகவே முதலில் பெறுபவருக்கு மரபு விதிக்கும் கடமை ஒன்று உண்டு. கடைசியில் நிற்பவருக்கும் எட்டும்படி பார்த்துக்கொள்வதே அது. ததீயாராதனத்தில் இடுபவர் எல்லோரும் அமுது செய்தபின் மிஞ்சியதை உண்பதே முறை. அம்முறையே கோஷ்டிக்கும் அளவுகோல். வரிசையின் தலையில் நிற்பவர் பெற்ற தீர்த்தத்தின் தூய்மை வரிசையின் கடையில் நிற்கும் மூதாட்டியின் கை வெறுமையாயிற்றா, நிறைந்ததா என்பதைப் பொறுத்தது. முன்னவருக்கு இட்ட பிரசாதம் பெரிய தளிகையாகவும் பின்னவருக்கு வட்டில் காலியாகவும் முடியும் விநியோகத்தில் முறை வழுவாமல் இருந்திருக்கலாம், சேஷத்வம் வழுவிவிட்டது.

கூடியிருத்தல்

பெரியாழ்வார் எட்டாம் ஒன்பதாம் பாசுரங்களில் பிரித்துக் காட்டிய இரண்டையும் அவர் திருமகளார் ஒரே பாசுரத்தில் இணைத்துவிட்டார். திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கி நோன்பு தொடங்கிய ஆயர் சிறுமியர், இருபத்தேழாம் பாசுரத்தில் நாடு புகழும் வரிசைகளைக் கேட்கின்றனர். கைவளை, தோள்வளை, தோடு, செவிப்பூ, பாடகம் என்று அணிகள் முதலில் வருகின்றன, பின்னே ஆடை, அதன்பின் பால்சோறும் முழங்கை வழி ஒழுகும் நெய்யும். தந்தையாரின் எட்டாம் பாசுரத்துப் பட்டியல் இங்கே மீண்டும் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் பட்டியல் முடியும் இடம் உணவன்று. எல்லோரும் கூடியிருந்து குளிர்வதில் முடிகிறது. கேட்பவர்களும் ஒருத்தி அல்லள். பாசுரம் முழுவதும் பன்மை. மரியாதையை நாணாமல் கேட்டு, கேட்ட மரியாதையைக் கூட்டத்தில் கரைத்துவிடும் வழி இது. விரதத்தில் உண்ணாமையும் கூடியே; பேற்றில் உண்ணுதலும் கூடியே.

அவரே நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்தார். அந்த நேர்ச்சையைப் பிற்காலத்தில் எம்பெருமானார் நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது, நாச்சியார் அவரைக் கோயில் அண்ணன் என்று அழைத்தருளினார் என்பது ஸம்பிரதாயப் பிரசித்தி. உடையவருக்கு அமைந்த திருநாமங்களுள் இது உணவு பற்றி வந்த மரியாதை. முன்னே பெற்றதற்காக அது வரவில்லை. பிறர் நேர்ந்ததைத் தாம் இட்டதற்காக வந்தது. காஞ்சியில் ஓர் இலையின் சேஷத்தை இழந்து வருந்தியவருக்கே அது கிடைத்தது. தீர்த்தப் பிரசாத மரியாதைகளில் முதன்மை என்று ஒன்று உண்டாயின், அது இத்தகைய முதன்மையாகவே இருக்க முடியும்.